முதல் லிஸ்டில் பேர் இல்லை என்றால்...

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பிளஸ் டூ முடித்த பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் சாயங்காலம் எங்கள் தெருவில் வாழை விவசாயம் பார்க்கும் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிள்ளை அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. திருச்சியில் ஒரு கல்லூரிக்கு பி.காம். கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முதல் லிஸ்டில் பேர் வரவில்லை. அன்றைக்கே ஓர் ஆள் போன் செய்து, "வேறொரு காலேஜ்ல சீட் இருக்கு, நாளைக்குள்ள பணம் கட்டிடுங்க, இல்லாட்டி அதுவும் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வாழைத்தாரை வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசனை.

"சார், இனிமே இவளுக்கு வாய்ப்பு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

இதே கேள்வியோடு 1975-ல் நானும் நின்றேன். பதில் சொல்ல அப்போது ஆள் இல்லை.

பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யில் எங்கள் பள்ளியில் இரண்டாவதாக வந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. சேர விண்ணப்பம் போட்டேன். லிஸ்ட் ஒட்டும் நாளில் காலையிலேயே தொட்டியத்தில் பஸ் ஏறி, முசிறி வழியாகத் திருச்சி போய்ச் சேர்ந்தேன். நோட்டீஸ் போர்டு முன்னால் பெரிய கூட்டம். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று மூன்று தடவை பார்த்தேன். என் பேர் இல்லை. ஆபீஸில் கேட்டேன். "லிஸ்ட் அவ்வளவுதான் தம்பி" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய வகுப்பு நண்பன் அதே கல்லூரியில் சேர்ந்துவிட்டு ஊருக்கு வந்தான். "ரெண்டாவது லிஸ்ட் போட்டாங்கடா. உன் பேரும் இருந்துச்சே, ஏன் வரலை?" என்றான். சேர வேண்டிய தேதி அதற்குள் முடிந்திருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். ஆசிரியர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது லிஸ்ட் ஐம்பது வருடமாக மனதில் இருக்கிறது. நான் தவறவிட்டது மதிப்பெண் இல்லாமல் அல்ல, லிஸ்ட் எப்படி நகரும் என்று தெரியாமல்.

அதனால்தான் கல்லூரிச் சேர்க்கையின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். நம் தமிழ்நாட்டில் அது பெரிய கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு கணக்கும் இரண்டு பேரும்

சுதந்திரம் வந்த காலத்தில் சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அதற்கும் மேலே, மாவட்டங்களைக் குழுக்களாகப் பிரித்து இடம் ஒதுக்கினார்கள். 1950-51-ல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவக் கல்லூரி இடங்கள் 330. பொறியியல் இடங்கள் 395. இன்றைக்கு ஒரே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அதைவிட அதிக இடம் இருக்கும்.

அந்த அரசாணையை எதிர்த்து 1950-ல் இரண்டு பேர் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். ஒருவர் சீனிவாசன். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். கணக்கில் எடுத்துக்கொள்ளும் பாடங்களில் 450-க்கு 369 மதிப்பெண். இன்னொருவர் செண்பகம் துரைராஜன். வழக்கு இவர் பேரில்தான் வரலாற்றில் நிற்கிறது. ஆனால் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்தார். தன் சமூகத்துக்கு உள்ள இடங்களில் தனக்குக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார். நேராக நீதிமன்றம் போய்விட்டார். இதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

உயர்நீதிமன்றம் 1950 ஜூலையிலும் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் அந்த அரசாணை செல்லாது என்றன. தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியார் போராட்டம் அறிவித்தார். 1951 ஜூனில் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. அதன் பலத்தில்தான் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் கல்லூரியில் இடஒதுக்கீடு தொடர்ந்தது. இன்றைய 69 சதவீதத்துக்கும் அதுவே அஸ்திவாரம்.

இதில் ஒன்றை நான் அடிக்கடி நினைப்பேன். "எனக்குக் கிடைக்காது" என்று கணக்குப் போட்டு விண்ணப்பிக்காமல் இருந்தவர் செண்பகம் ஒருவர் மட்டுமா? எங்கள் காவிரிக் கரைக் கிராமங்களில் கோரை அறுத்தவர்கள், வாழை சுமந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதே கணக்கைப் போட்டுவிட்டு, விண்ணப்பப் படிவமே வாங்காமல் இருந்தார்கள். அவர்கள் பேரில் ஒரு வழக்கும் பதிவாகவில்லை. அவர்களை விண்ணப்பம் வாங்க வைத்தது பிறகு வந்த ஒதுக்கீடு.

நேர்முகத் தேர்வு என்ற இருட்டறை

அடுத்த இருபது வருடம் சண்டை வேறு விதமாக நடந்தது. மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைக்கு ஏற்றபடி பங்கிட்டார்கள். ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்கு இடம், அடுத்த மாவட்டத்தில் அதிக மதிப்பெண்ணுக்கு இடமில்லை. 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.

உடனே வேறு முறை வந்தது. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுக் குழு. நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண். 1970-71 சேர்க்கையை எதிர்த்து பெரியகருப்பன் என்ற மாணவர் உச்ச நீதிமன்றம் போனார். அலகு அலகாகப் பிரித்துத் தேர்ந்தெடுப்பதும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

75 மதிப்பெண்ணை ஒரு அறைக்குள் நாலைந்து பேர் வாய்மொழியாகப் போடும் இடத்தில், வெளியே நிற்கும் பிள்ளை தன் வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவான்? சிபாரிசுக் கடிதம் தேடி ஓடியதுதான் மிச்சம். இந்த நிலை நம் மாநிலத்தில் மட்டும் இல்லை. நம் திருச்சி ஆர்.இ.சி. போலவே ஸ்ரீநகரிலும் அப்போது ஓர் ஆர்.இ.சி. இருந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. இரண்டு மூன்று நிமிட நேர்முகம், அதிலும் அப்பா யார், ஊர் எது என்ற கேள்விகள். 1980-ல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது.

கட் ஆஃப் பிறந்த கதை

1978-ல் பிளஸ் டூ வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு, மொத்தம் 300. "கட் ஆஃப் எவ்வளவு?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்க ஆரம்பித்தது. பக்கத்து நாமக்கல்லில் விடுதிப் பள்ளிகள் பெருகின. முதல் தடவை கிடைக்காதவர்கள் இம்ப்ரூவ்மென்ட் என்று மறுபடி பரீட்சை எழுதினார்கள். ஒரு வருடம் போனாலும் பரவாயில்லை என்று காத்திருந்த பிள்ளைகள் என் மாணவர்களிலும் உண்டு. பணம் உள்ளவனுக்குக் கோச்சிங், இல்லாதவனுக்கு ஏக்கம் என்ற குறை வளர்ந்தது. 2006-ல் சட்டசபையில் மசோதா நிறைவேறி, 2007-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்து, நுழைவுத் தேர்வு போனது. கட் ஆஃப் 200 ஆனது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

என் கணக்கில் இதைவிடப் பெரிய மாற்றம் 1997-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வந்த ஒற்றைச் சாளர முறை. மாநிலம் முழுவதற்கும் ஒரே தரவரிசைப் பட்டியல். யாருக்கு எந்த எண் என்பது எல்லோருக்கும் தெரியும். கிண்டியில் கலந்தாய்வு நடக்கும் இடத்தில் பெரிய திரையில் கல்லூரி, பாடப்பிரிவு, மீதி இடம் எல்லாம் ஓடும். என் பழைய மாணவன் ஒருவனோடு துணைக்குப் போயிருக்கிறேன். ராத்திரி பஸ்ஸில் போய், கோயம்பேட்டில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேராகக் கிண்டி. அவன் கேட்ட கல்லூரியில் 6 இருந்தது 4 ஆனது, 4 இருந்தது 1 ஆனது. அவனுக்கு முன்னால் இருந்தவர் அதை எடுத்துவிட்டார். பையன் கண் கலங்கினான். ஆனால் யாரையும் திட்டவில்லை. "என் நம்பர் அவ்வளவுதான் சார், அடுத்தது பார்ப்போம்" என்றான். அந்த நிமிடம் 1975-ல் நான் நின்ற நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்தது. இல்லை என்பது இல்லைதான். ஆனால் ஏன் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

ஒரே கட் ஆஃபில் பலர் இருந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதி வரை வந்து, அப்போதும் தீராவிட்டால் சமவாய்ப்பு எண். இதுகூட எழுதிவைத்த விதி. இப்போது கலந்தாய்வு முழுவதும் ஆன்லைனில் நடக்கிறது. கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. நம் திருச்சி என்.ஐ.டி.க்கு அகில இந்திய அளவில் நடக்கும் ஜோசா கலந்தாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் எந்த ரேங்கோடு இடம் முடிந்தது என்று வெளியிடுகிறார்கள். பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு என்பதால் அதற்குத் தனி ரேங்க். மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்திலும், அடுத்த வருடம் பொறியியல் போன்ற படிப்புகளிலும் வந்தது. நீட் நல்லதா கெட்டதா என்று இங்கே பேசவில்லை. அது தனிப் பதிவு.

எல்லா 'இல்லை'யும் ஒன்றல்ல

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

முதல் லிஸ்டில் பேர் இல்லை என்றால் அது என்ன மாதிரி 'இல்லை' என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எர்லி டிசிஷன் என்று ஒரு முறை உண்டு. நவம்பரில் விண்ணப்பம், டிசம்பரில் முடிவு. நிராகரித்துவிட்டால் பொதுவாக அந்த வருடம் அந்தக் கல்லூரியில் மறுபடி பார்க்க மாட்டார்கள். தள்ளிவைத்தால் மட்டும், மற்ற விண்ணப்பங்களோடு திரும்பப் பார்ப்பார்கள். நம் ஊரில் முதல் லிஸ்ட் அப்படி முடிந்த முடிவு அல்ல. இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் சேர மாட்டார்கள். ஒரே பிள்ளை நாலு கல்லூரியில் விண்ணப்பிக்கிறாள், நாலிலும் லிஸ்டில் வருகிறாள், ஒன்றில் சேர்கிறாள். மீதி மூன்று இடம் கீழே இறங்கும்.

எவ்வளவு இறங்கும் என்பது பாடத்தைப் பொறுத்தது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம், இயற்பியல் என்றால், பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் ஒரு கூட்டம் அங்கே போகும். அதனால் இடம் தாமதமாகவும் காலியாகும். பி.காம். பிள்ளைகள் வணிகவியல் குரூப் படித்தவர்கள், பொறியியலுக்குப் போக மாட்டார்கள். அங்கே நகர்வது எல்லாம் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடுவேதான், அதுவும் முதல் சில வாரங்களில். ஆகவே பி.காம். கேட்பவர்கள் ஜூலை வரை நம்பிக்கொண்டு இருப்பது சரியல்ல.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறியியலிலும் மருத்துவத்திலும் வழக்குப் போட்டு, போராடி, வரிசையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இன்னும் அந்த வெளிச்சம் முழுதாக இல்லை. லிஸ்டில் வந்தவர் பேர் தெரியும். வராத பிள்ளைக்குத் தன் இடம் 5-வதா 500-வதா என்று தெரியாது. அந்த இருட்டில்தான் "நாளைக்குள்ள பணம் கட்டுங்க" என்று போன் வருகிறது. அந்தப் புரோக்கருக்கு உங்கள் பிள்ளையின் மதிப்பெண் முக்கியமில்லை. உங்களுக்கு உங்கள் நம்பர் தெரியாது என்பதுதான் அவருக்கு முதல்.

எனவே அவர்களிடம் நான் சொன்னது இதுதான்:

1. கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பிரிவில் கடைசியாக எந்த மதிப்பெண்ணுக்கு இடம் கொடுத்தார்கள்? காத்திருப்போர் பட்டியலில் நம் எண் என்ன? போன வருடம் எந்த மதிப்பெண் வரை இறங்கியது? பணிவாகக் கேளுங்கள். ஆனால் பதில் வாங்காமல் வராதீர்கள்.

2. அடுத்த லிஸ்ட் எந்தத் தேதியில், எங்கே போடுவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். (இதை நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.)

3. கையில் ஓர் இடம் இல்லாமல் காத்திருக்காதீர்கள். முசிறியில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி நம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டணமும் குறைவு. கலந்தாய்வுக்குக் கூப்பிட்டால் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

4. சேர்ந்த இடத்தைவிட்டு மாற நேர்ந்தால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும், அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதற்கும் யு.ஜி.சி. 2018-லேயே விதி போட்டிருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

5. போனில் பேசும் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இப்படிச் சொன்னதும் அந்தப் பிள்ளை, "அப்துல் கலாம்கூட ஃபெயிலானவர்தானே சார்?" என்று கேட்டாள். பள்ளியில் யாரோ ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார்கள். "பாப்பா, அந்தக் கதையைச் சரியாகத் தெரிஞ்சுக்கோ" என்றேன். கலாம் 1950-ல் நம் திருச்சிக்கு வந்து, புனித வளனார் கல்லூரியில் படித்தவர். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1958-ல் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். 25 பேரில் 9-வதாக வந்தார். எடுத்ததோ 8 பேரை. ஒரே ஓர் இடத்தில் போனது. மனம் உடைந்துதான் ரிஷிகேஷ் போனார். ஆனால் டேராடூன் போகிற வழியில் டெல்லியில் பாதுகாப்புத் துறையின் இன்னொரு வேலைக்கும் நேர்காணல் முடித்திருந்தார். திரும்பி வரும்போது அந்த வேலை கிடைத்திருந்தது. அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். எல்லோரும் தோல்வியை மட்டும் சொல்கிறார்கள். அவர் கையில் இரண்டாவது விண்ணப்பம் இருந்ததை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் அப்பாவும் மகளும் திருச்சி போனார்கள். கேட்டார்கள். கடைசியாக இடம் கிடைத்தவருக்கும் இவளுக்கும் 11 மதிப்பெண் வித்தியாசம். போன வருடம் இரண்டாவது லிஸ்டில் ஏறக்குறைய அவ்வளவு இறங்கியிருக்கிறது. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நான் அப்படியேதான் சொன்னேன். பொய் ஆறுதல் சொல்லவில்லை. இதற்கு நடுவில் முசிறியில் பி.காம். இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டாள். வாழைத்தார் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. முற்றியபிறகு நல்ல விலைக்குப் போகும்.

இரண்டாவது லிஸ்ட் வருகிற திங்கட்கிழமை. அவளோடு நானும் பஸ் ஏறுகிறேன். பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தத் தடவை நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படித் தவிக்கும் குடும்பம் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். கல்லூரி அலுவலகங்களில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்கும் பிள்ளையிடம் "லிஸ்ட் அவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள். அடுத்த லிஸ்ட் என்றைக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.